முறுக்காதீங்க, தம்பி!

இந்த உலகத்தில் திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பாதவை என்று ஒரு பட்டியல் உண்டு. கைமாற்றாகக் கொடுத்த ஐந்நூறு ரூபாய். பக்கத்து வீட்டுக்குப் போன இட்லிக் கொப்பரை. 'படிச்சிட்டு நாளைக்கே தர்றேன்' என்று நண்பன் வாங்கிப்போன புத்தகம். பஸ் ஸ்டாப்பில் நாம் பார்த்துக்கொண்டே இருக்க, நம் பக்கம் திரும்பவே திரும்பாத அந்த முகம். இதற்கெல்லாம் மனசு பழகிவிட்டது.

ஆனால், ஒன்பதரைக்கு ஆபீஸில் இருக்கவேண்டிய மனுஷன் எட்டே முக்காலுக்குக் காருக்குள் உட்கார்ந்து, சீட் பெல்ட் போட்டு, கண்ணாடியில் தலையைச் சரி பண்ணி, சாவியைச் செருகித் திருப்ப... அது திரும்ப மாட்டேன் என்றால்?

பி.காம். படித்ததில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது அப்போதுதான் தெரியும். (அவசரப்படாதீர்கள், ஒரு பிரயோஜனம் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.)

அந்த நேரத்தில் ஆண்பிள்ளைகள் எல்லோரும் செய்வது ஒன்றேதான். முதல் தடவை மெதுவாகத் திருப்புவார்கள். இரண்டாம் தடவை கொஞ்சம் அழுத்தி. மூன்றாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு. நான்காம் தடவை சாவியை உருவி, இது கார் சாவிதானா, பீரோ சாவியா என்று பார்ப்பார்கள். ஐந்தாம் தடவை சாவியை வாயருகே கொண்டுபோய் 'ஃபூ' என்று ஊதுவார்கள். ஏன் ஊதுகிறோம் என்று ஊதுகிறவருக்கே தெரியாது. டார்ச் லைட் எரியாவிட்டால் அப்பா ஊதினார், நாமும் ஊதுகிறோம். பரம்பரை வழக்கம்!

ஆறாவது தடவை டிக்கியிலிருந்து கட்டிங் பிளேயர் வரும்.

இந்த ஆறாவது தடவை வராமல் தடுப்பதற்காகத்தான் இந்த வாரக் கட்டுரை.

* * *

திண்டுக்கல் மாவட்டத்தில் செம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது சித்தையன்கோட்டை. வயலும் தென்னந்தோப்பும் சூழ்ந்த பேரூராட்சி. அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தி முடிந்து வெளியே வந்தால், மண்டப வாசலில் ஒரு காரைச் சுற்றிக் கூட்டம். உள்ளே வியர்வையில் குளித்தபடி ஒரு பேங்க் அதிகாரி. சாவி திரும்பவில்லை.

நம் ஊரில் கார் நின்றுபோனால் வைத்தியர்களுக்குப் பஞ்சமே கிடையாது.

"பேட்டரி டவுன் சார், தள்ளி விட்ருவோமா?" என்றார் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர். சாவியே திரும்பாத காரை எவ்வளவு தூரம் தள்ளினால் என்ன? தள்ளுகிற ஆசை அவருக்கு.

"பெட்ரோல் இருக்கா பாருங்க" என்றார் இன்னொருவர்.

"தேங்காய் எண்ணெய் ரெண்டு சொட்டு விடுங்க" என்றார் ஓர் அம்மா. சொன்னதோடு நிற்காமல் சமையற்கட்டுக்கே ஆள் அனுப்பிவிட்டார்.

"எலுமிச்சம்பழம் வெச்சீங்களா?" இது ஒரு பெரியவர்.

இத்தனைக்கும் நடுவில் பைக் மெக்கானிக் பாய் ஒருவர் தாம்பூலப் பையோடு வந்தார். கூட்டத்தை விலக்கி, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். முன் சக்கரங்களைப் பார்த்தார். மண்டபத்துப் படிக்கல்லில் ஒரு சக்கரம் ஏறி முட்டிக்கொண்டு நின்றது.

"சார், எறங்கும்போது ஸ்டீயரிங்கைப் பிடிச்சு ஊனி எறங்கினீங்களா?"

"ஆமா பாய். இடுப்பு வலி..."

"ஸ்டீயரிங்கை இடது கையால லேசா அந்தப் பக்கம், இந்தப் பக்கம் ஆட்டுங்க. ஆட்டிக்கிட்டே வலது கையால சாவியைத் திருப்புங்க. முறுக்காதீங்க. சும்மா திருப்புங்க."

'டக்'. கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. எண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்த பையன் முகத்தில்தான் எத்தனை ஏமாற்றம்!

* * *

பாய் செய்தது மந்திரம் இல்லை. காரணம் சுலபமானது.

சாவியை உருவியதும் ஸ்டீயரிங் தண்டைப் பூட்டுவதற்காக ஓர் இரும்புத் தாழ்ப்பாள் நீட்டிக்கொண்டு வந்து, தண்டில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். திருடன் கம்பியை ஒட்டவைத்து இன்ஜினைக் கிளப்பினாலும் வண்டியை வளைக்க முடியாது. நேராக எதிர்த்த வீட்டுச் சுவரில்தான் போய் நிற்பான். அன்றைய மேற்கு ஜெர்மனி 1961-லேயே கார்களுக்கு இந்தப் பூட்டைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1969 மாடல் கார்களில் கொண்டுவந்தது.

சக்கரம் கல்லில் முட்டியோ, பள்ளத்தில் இறங்கியோ நின்றால், அந்த அழுத்தம் அப்படியே ஸ்டீயரிங் தண்டுக்கு வரும். தண்டு தாழ்ப்பாளைப் பக்கவாட்டில் நெருக்கும். உங்கள் வீட்டுக் கதவை யாராவது வெளியிலிருந்து சாய்ந்து தள்ளிக்கொண்டிருக்கும்போது உள்தாழ்ப்பாளை இழுத்துப் பாருங்கள், வராது. இழுக்கிறவன் பீமனாக இருந்தாலும் தாழ்ப்பாள்தான் வளையும். ஆனால், சாய்ந்திருப்பவரை 'கொஞ்சம் நகருங்க சார்' என்றால் ஒரு விரலால் இழுத்துவிடலாம். ஸ்டீயரிங்கை ஆட்டுவது அந்த 'நகருங்க சார்'தான். பூட்டிய ஸ்டீயரிங் ஒரு பக்கம் கல் மாதிரி நிற்கும், இன்னொரு பக்கம் நூலளவு அசைந்து கொடுக்கும். அசைகிற பக்கம் மெதுவாகப் பிடித்துக்கொண்டே சாவியைத் திருப்பினால் போதும்.

பைக் வைத்திருக்கும் தம்பிமார்களுக்கும் இதே கதைதான். ஹேண்டில் லாக் திறக்காவிட்டால் சாவியை முறுக்காதீர்கள். ஹேண்டிலை லேசாக ஆட்டுங்கள்.

சாவி திரும்பாத பல நேரங்களில் நோய் இவ்வளவுதான். வைத்தியம் ஐந்து விநாடி. பீஸ் கிடையாது.

* * *

ஆட்டியும் திரும்பவில்லையா? இப்போது என் பி.காம். உதவிக்கு வருகிறது.

சாவி போகிற துவாரத்துக்குள் ஓர் உருளை இருக்கிறது. உருளைக்குள் மெல்லிய தகடுகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஸ்பிரிங்கோடு நிற்கின்றன. சாவி உள்ளே இல்லாதபோது தகடுகளின் நுனி உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் மாட்டியிருக்கும். சரியான சாவி உள்ளே போனதும், அதன் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி ஒவ்வொரு தகடும் ஏறி இறங்கி, எல்லாம் உருளையோடு சமமாகிவிடும். அப்போதுதான் உருளை சுற்றும்.

கவனியுங்கள். 'எல்லாம்' சமமாக வேண்டும். ஒன்பது தகடு சமமாகி, பத்தாவது தகடு ஒரு மயிரிழை நீட்டிக்கொண்டிருந்தாலும் சாவி திரும்பாது.

இது அச்சு அசல் டிரையல் பேலன்ஸ்! பற்றும் வரவும் ஒரு பக்கம் பத்து பைசா உதைத்தால் கணக்கு முடியாது. அதற்காக லெட்ஜரை எடுத்து மேஜையில் அடித்தால் டாலி ஆகிவிடுமா? எங்கே உதைக்கிறது என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். திரும்பாத சாவி முரண்டு பிடிக்கவில்லை. 'கணக்கு உதைக்கிறது, பார்' என்கிறது. நாம்தான் லெட்ஜரை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, எங்கே உதைக்கும்?

முதல் சந்தேகம், தேய்மானம். பேலன்ஸ் ஷீட்டில் வருஷா வருஷம் எழுதுவோமே, அதே தேய்மானம்தான். பத்து வருஷம் தினமும் நாலு தடவை உள்ளே போய் வெளியே வந்த சாவியின் மேடுகள் மழுங்கிப்போகும். அடையாளமும் உண்டு. முதலில் பத்துக்கு ஒரு தடவை சண்டை போடும். பிறகு ஐந்துக்கு ஒன்று. பிறகு நீங்கள் 'கொஞ்சம் வெளியே இழுத்துத் திருப்பினா வரும்' என்று வீட்டில் எல்லோருக்கும் பாடம் எடுக்க ஆரம்பிப்பீர்கள். அந்தப் பாடம் ஆரம்பித்த அன்றே சாவி ரிடையர்மென்ட் கேட்டுவிட்டது என்று அர்த்தம்.

பரிசோதனை சுலபம். கார் வாங்கியபோது இரண்டு சாவி கொடுத்தார்கள் அல்லவா, பீரோவில் தூங்குகிற அந்த இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அது திரும்பினால் குற்றவாளி சாவி. அதுவும் திரும்பாவிட்டால் குற்றவாளி பூட்டு.

இங்கேதான் பலர் ஒரு காரியம் செய்வார்கள். தேய்ந்த சாவியையே பஸ் ஸ்டாண்டு சாவிக்காரரிடம் கொடுத்து டூப்ளிகேட் போடச் சொல்வார்கள். தேய்ந்த சாவிக்கு டூப்ளிகேட் என்பது, தப்பான கணக்கை அடுத்த பக்கத்துக்கு 'கேரி ஃபார்வர்டு' செய்வது. தப்பு புது இரும்பில் பளபளவென்று இருக்கும், அவ்வளவுதான். நகல் எடுப்பதென்றால் தேயாத இரண்டாவது சாவியிலிருந்து எடுங்கள். அதுவும் இல்லையென்றால், பல கம்பெனிகள் புதுக் காரோடு ஒரு குட்டித் தகட்டில் சாவி நம்பர் பொறித்துக் கொடுப்பது உண்டு. அந்த நம்பரை வைத்துப் புத்தம் புதிதாக, பிறந்த அன்றைய அளவிலேயே சாவி வெட்டித் தருவார்கள். பத்திரமாக வைக்கவேண்டிய அந்தத் தகடுதான் பல வீடுகளில் குழந்தை விளையாடும் டாலராகி, பிறகு குப்பைக்குப் போகிறது.

இன்னொரு விஷயம். இன்றைய கார் சாவிகளின் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. கார் அதோடு பேசித் தெரிந்துகொண்டால்தான் இன்ஜின் ஓடும். வெறும் இரும்பை வெட்டிய டூப்ளிகேட்டில் பூட்டு திரும்பும், இன்ஜின் ஓடாது. இது வேறு நோய். 'சாவி திரும்பவில்லை' என்பதையும் 'சாவி திரும்புகிறது, வண்டி கிளம்பவில்லை' என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பேட்டரி, பெட்ரோல், சிப் எல்லாம் பொதுவாக இரண்டாவது கட்சி.

* * *

இரண்டாவது சந்தேகம், அழுக்கு.

ஆயுத பூஜை வந்தால் வண்டியைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போடுகிறோம். நல்ல வழக்கம். ஆனால், பக்தி முற்றியவர்கள் சாவித் துவாரத்துக்கே சந்தனப் பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமம் வைப்பார்கள். போதாததற்குச் சாவிக்கும் ஒரு பொட்டு. அந்தச் சாவியை அப்படியே உள்ளே செருகினால் சந்தனம் ஸ்பிரிங்குகளுக்கு நடுவில் போய்க் காய்ந்து, சுண்ணாம்பு மாதிரி இறுகிவிடும். அம்பாளைக் கும்பிட பானெட் இவ்வளவு அகலமாக இருக்கிறதே, அங்கே வையுங்கள் சார்!

அப்புறம் அந்தத் தேங்காய் எண்ணெய். விட்ட அன்று வழுக்கிக்கொண்டு திரும்பும். 'பாத்தீங்களா!' என்று பெருமையாக இருக்கும். ஒரு மாதத்தில் அதே எண்ணெய் ஊர்ப் புழுதியைப் பிடித்துவைத்துக் களிம்பாக்கும். அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைய ஆரம்பித்துவிடும். சித்தையன்கோட்டையில் எண்ணெய் விட்டுக்கொண்டு குடும்பத்தோடு கொடைக்கானல் போனீர்கள் என்றால், ராத்திரி ஏரிக்கரையில் பூட்டுக்குள் எண்ணெய் கட்டியாக உட்கார்ந்திருக்கும்.

பூட்டுக்கு ஏற்றது உலர்ந்த மசகு. கிராஃபைட் பவுடர் என்று கடையில் கேட்டால் தருவார்கள். அது இல்லாத இடத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பென்சிலை வாங்குங்கள். பென்சிலின் 'லெட்'டும் கிராஃபைட்தான். மெதுவான ரகமாக இருந்தால் இன்னும் நல்லது. சாவியின் பற்கள் மேலே கருப்பாகத் தேய்த்து, பத்துத் தடவை உள்ளே விட்டு வெளியே எடுங்கள். ஒட்டிக்கொண்டிருந்த தகடு பலசமயம் இறங்கிக் கொடுக்கும்.

மூன்றாவது, ஆட்டோமேட்டிக் கியர் கார்கள். 'பி' என்கிற பார்க்கிங்கில் லீவரைச் சரியாகப் போடாவிட்டால், பல கார்களில் சாவி கடைசி லாக் வரை திரும்பவும் திரும்பாது, வெளியே வரவும் வராது. லீவரை இன்னொரு தடவை நன்றாக 'பி'யில் தள்ளிப் பாருங்கள்.

சாவியே இல்லாத பட்டன் கார் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். அந்த ரிமோட்டுக்குள் சட்டைப் பட்டன் சைஸில் ஒரு பேட்டரி இருக்கிறது. அது செத்துப்போனால் கார் உங்களை யாரென்றே தெரியாத மாதிரி பார்க்கும். பல கார்களில் ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டினாற்போல் வைத்து அழுத்தினால் கிளம்பிவிடும். எங்கே வைக்க வேண்டும் என்பது கார் புத்தகத்தில் இருக்கும். அந்தப் புத்தகம் டேஷ்போர்டில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கும்.

* * *

பூட்டைப் பற்றிப் பேசிவிட்டுத் திண்டுக்கல்லைச் சொல்லாமல் போனால் அந்த ஊர்க்காரர்கள் என்னை உள்ளே விட மாட்டார்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவத்தில் கனமாக, கையால் அராவிச் செய்யும் பூட்டு. அலிகார் பூட்டும் மெஷின் பூட்டும் வந்தபிறகு பட்டறைகள் குறைந்துபோயின. ஆனாலும் அந்தக் கைப்பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது.

மாங்காய்ப் பூட்டுக்குள் இருப்பது லீவர்கள். சாவி ஒவ்வொரு லீவரையும் அதற்கென்று உள்ள உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஒரு லீவர் குறைவாக ஏறினாலும் நகராது, அதிகமாக ஏறினாலும் நகராது. கார் பூட்டின் தகடுகளுக்கு இது பெரியப்பா முறை.

திண்டுக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் ஓர் ஆசாரியிடம் பேசிக்கொண்டிருந்தேன். "சாவி திரும்பலேன்னா நீங்க என்னண்ணே செய்வீங்க?" என்றேன்.

"காதுல வாங்குவேன்" என்றார்.

"என்னது?"

"திருப்புறப்ப எந்த எடத்துல நிக்குதுன்னு கையில தெரியும், தம்பி. லீவர் பிடிக்குதா, தாழ் பிடிக்குதான்னு அதுவே சொல்லும். முறுக்குனீங்கன்னா அது பேச்சை நிறுத்திரும். அப்புறம் ஒடைக்கிறதுதான்."

இந்த ஆசாரி சொன்னதற்கு லண்டனில் ஒரு சாட்சி உண்டு. ஜோசப் பிராமா என்பவர் செய்த பூட்டு ஒன்றை 1790-லிருந்து கடை ஜன்னலில் வைத்திருந்தார்கள். 'இதைச் சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு' என்று பலகை வேறு. அறுபது வருஷத்துக்கு மேல் பரிசு அங்கேயே இருந்தது. 1851-ல் லண்டன் மகா கண்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டுக்காரர் ஹாப்ஸ், பதினாறு நாளில் சுமார் 51 மணி நேரம் உட்கார்ந்து அதைத் திறந்துகாட்டிப் பரிசை வாங்கினார். சுத்தியல் இல்லை, கட்டிங் பிளேயர் இல்லை. எது எங்கே பிடிக்கிறது என்று விரல் நுனியால் கேட்டுக் கேட்டுத் திறந்தார். 51 மணி நேரம் பொறுமை! நமக்கு 51 விநாடி இல்லை.

* * *

இதுவரை சிரித்தது போதும். இந்தக் கட்டிங் பிளேயர் விவகாரம் எங்கே போய் முடியும் என்பதற்கு ஒரு சம்பவம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். ராத்திரி ஒன்றரை மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி. மகன் அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து காரில் உட்காரவைத்து, சாவியைப் போட்டான். திரும்பவில்லை. ஏற்கெனவே ஆறு மாதமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த சாவிதான். 'கொஞ்சம் வெளியே இழுத்துத் திருப்பினா வரும்' சாவி. பதற்றத்தில் அந்தக் 'கொஞ்சம்' கைவரவில்லை. பிளேயரால் பிடித்து முறுக்கினான். சாவி பாதியில் முறிந்து, பாதி உள்ளேயே நின்றுவிட்டது. உள்ளே நின்ற துண்டை எடுக்க இன்னும் பத்து நிமிஷம் போராடினான். அம்மாதான் திண்ணையிலிருந்து கத்தினார்: "டேய், காரை விடுடா! அப்பாவைப் பாருடா! போனைப் போடு!"

108-ஐக் கூப்பிட்டார்கள். வந்தது. அப்பா பிழைத்தார், இன்றைக்கும் காலையில் வாக்கிங் போகிறார். ஆனால், அந்தப் பையன் என்னிடம் சொன்ன வார்த்தை மறக்கவில்லை: "அண்ணே, அந்தப் பத்து நிமிஷம் நான் அப்பாவோட இல்ல, சாவியோட இருந்தேன்."

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது. நெஞ்சு வலி, பிரசவம் மாதிரி சமயத்தில் முதலில் போனைப் போடுங்கள். சாவியைப் பிறகு பார்க்கலாம். ஆறு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்ட சாவியை அந்த ஆறு மாதத்துக்குள் மாற்றியிருந்தால் அந்த ராத்திரி வேறு மாதிரி இருந்திருக்கும்.

* * *

திரும்பாத சாவி தொல்லைதான். ஆனால், திரும்பக்கூடாத நேரத்தில் திரும்புகிற சாவி எமன்.

2014-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி சுமார் 26 லட்சம் சின்னக் கார்களைத் திரும்ப வாங்கிச் சரிசெய்ய வேண்டிவந்தது. காரணம், இக்னிஷன் ஸ்விட்சுக்குள் ஒரு சின்ன உறுப்பு. அதன் பிடிமானம் குறைவு. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ, முழங்கால் இடித்தாலோ, ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி 'ஆன்' இடத்திலிருந்து நழுவிவிடும். இன்ஜின் நிற்கும். ஸ்டீயரிங் கல்லாகும். பிரேக் கனமாகும். மோதினால் காப்பாற்ற வேண்டிய ஏர்பேக் விரியாது. கம்பெனி அமைத்த நஷ்டஈட்டு நிதி 124 சாவுகளுக்கு இந்தக் கோளாறு காரணம் என்று ஏற்றுக்கொண்டது. உள்ளே இருந்த சில இன்ஜினீயர்களுக்குப் பத்து வருஷம் முன்பே கோளாறு தெரியும் என்பதுதான் கொடுமை. 2015-ல் அமெரிக்க அரசுக்கு 90 கோடி டாலர் கட்டச் சம்மதித்தார்கள்.

இப்போது உங்கள் சாவிக்கொத்தைக் கையில் எடுங்கள். கார் சாவி ஒன்று. வீட்டுச் சாவி, பீரோ சாவி, ஆபீஸ் டிராயர் சாவி, ஊரில் பாட்டி வீட்டு மாங்காய்ப் பூட்டுச் சாவி, பாட்டில் திறப்பான், ஒரு பித்தளைப் பிள்ளையார். எல்லாம் சேர்ந்து நாள் முழுக்கத் தொங்கி ஆடி, பூட்டின் உள்ளே தேய்த்துக்கொண்டிருக்கின்றன. கார் சாவியைத் தனியாகப் போடுங்கள். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னும் ஒன்று. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து உருட்டிக்கொண்டு வருகிற சாமர்த்தியசாலிகள் உண்டு. இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கிற உதவி இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். ஸ்டீயரிங் இறுகும். சாவியைத் தப்பித்தவறி லாக் வரை திருப்பி உருவிவிட்டால், பாய் ஆட்டிக் காட்டினாரே அந்தத் தாழ்ப்பாள், வளைவு நடுவில் ஸ்டீயரிங்கைப் பூட்டிவிடும். பல கார்களில் சாவியை உள்ளே அமுக்கினால்தான் லாக்குக்குத் திரும்பும் என்று வைத்திருக்கிறார்கள். அது உங்களைத் தொந்தரவு செய்ய அல்ல, இந்த விபத்தைத் தடுக்க. பெட்ரோலில் மிச்சமாவது இருபது ரூபாய். மறுபக்கம் பள்ளத்தாக்கு. இந்த லாப நஷ்டக் கணக்குக்கு பி.காம். தேவையில்லை.

* * *

வெட்டி பர்ஸில் வைத்துக்கொள்ள ஒரு சீட்டு:

1. சாவி திரும்பவில்லையா? கையை எடுங்கள். மூச்சு விடுங்கள். சரியான சாவிதானா பாருங்கள்.

2. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் லேசாக ஆட்டியபடி சாவியைத் திருப்புங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் 'பி'யில் இருக்கிறதா பாருங்கள்.

3. சாவியைத் துடைத்து, முழுசாக உள்ளே போகிறதா பாருங்கள். இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள்.

4. பென்சில் அல்லது கிராஃபைட். எண்ணெய் வேண்டாம், சந்தனம் வேண்டவே வேண்டாம்.

5. இத்தனைக்கும் அசையவில்லை என்றால் தகடோ ஸ்பிரிங்கோ போய்விட்டது. மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். லாக் செட் மாற்ற வேண்டிவரலாம். செலவுதான். ஆனால் முறிந்த சாவியை எடுத்து, பிறகு லாக் செட்டும் மாற்றுவது அதைவிடச் செலவு.

6. சாவி முறிந்துவிட்டால் இன்னொரு சாவியை உள்ளே திணிக்காதீர்கள். பசை வைத்து ஒட்டி எடுக்கிற வித்தையும் வேண்டாம். மிச்சப் பூட்டும் போய்விடும்.

7. அவசரம் என்றால் 108. சாவி அப்புறம்.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி. உங்கள் காரின் இரண்டாவது சாவி இந்த நிமிஷம் எங்கே இருக்கிறது? சட்டென்று பதில் வரவில்லை என்றால், பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தேடுங்கள். ஜோக்ஸ் பக்கத்தை அப்புறம் படிக்கலாம், அது எங்கேயும் ஓடிப்போகாது.